ஹுவேத்தெங் பொட்டலம்

ஈப்போவின் புந்தோங் பகுதியில் முகம்மது கௌஸ் நடத்தும் உணவகத்தில் கடைசி மேசை நவமணி அக்காவுக்கு உரியது. ஈப்போ நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். தமிழ், மலாய், ஹொக்கியன் சீனம் மூன்றிலும் மனிதர்கள் பொய் சொல்வதைக் கேட்டுக் கேட்டுக் காது பழுத்தவர். அதனால் சிக்கல் என்று வந்தால் பலர் போலீசுக்கு முன்னால் அந்த மேசைக்குத்தான் வருவார்கள். நவமணி துப்புத் துலக்குகிறார் என்று ஊர் சொல்லும். தன் உதவி இல்லாமல் அவருக்கு ஒன்றும் நடக்காது என்று கௌஸ் சொல்வார்.

அன்று வந்தவர்கள் கணவனும் மனைவியும். சுரேன் கல்லூரியில் மொழி வரலாறு கற்பித்தவர், பிறந்து வளர்ந்ததெல்லாம் டவுனில். கலாதேவி சுங்காய்ப் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பிறந்து, பள்ளி ஆசிரியையானவர். குனோங் ராபாட்டில் வீடு. கலாதேவியின் அப்பா இராமசாமி எழுந்து நடமாட முடியாதவர். அவரைப் பார்த்துக்கொள்ள மெர்லி என்ற பிலிப்பினோப் பெண் ஆறு வருடமாக அந்த வீட்டில் இருந்தாள்.

"நேத்து அவ ரூம்ல, ஜன்னல் கம்பியில இது தொங்குச்சு." கலாதேவி ஒரு சிவப்புத் துணிப் பொட்டலத்தை மேசையில் வைத்தார். "பார்த்ததுமே தெரிஞ்சிருச்சுக்கா, சூதாட்டம். அக்கம்பக்கத்து வேலைக்காரப் பொண்ணுங்களச் சேர்த்துக்கிட்டு அவங்க ஊரு ஹுவேத்தெங் நடத்துறா. போலீஸ்ல சொல்லி அனுப்பிரலாம்னா இவரு கேக்க மாட்டேங்குறாரு."

"போலீஸ் வந்தா பெர்மிட் போயிரும் லா. அப்புறம் இந்த நாட்டுப் பக்கமே வர முடியாது," என்றார் சுரேன். "ரெண்டு பிள்ளைங்கள ஊர்ல விட்டுட்டு வந்தவ. அக்கா ஒரு தடவை பார்த்துச் சொல்லட்டும்னேன்."

கௌஸ் பொட்டலத்தை எட்டிப் பார்த்தார். "தாயத்து மாதிரில இருக்கு? யாரோ செய்வினை வச்சிருக்காங்க, அக்கா!"

நவமணி பொட்டலத்தைத் திருப்பிப் பார்த்தார். நூல் கட்டு இறுக்கமாக இருந்தது. "அவிழ்த்துப் பார்த்தீங்களா?"

"இல்லக்கா. எப்படித் தொங்குச்சோ அப்படியே கொண்டு வந்தேன்."

நவமணி அவிழ்த்தார். உள்ளே சுருட்டிய காகிதம், அதில் யானைப் படம். கௌஸுக்குச் சப்பென்று ஆகிவிட்டது. தாயத்தாக இருந்திருந்தால் கதை சுவையாக இருந்திருக்கும்.

மெர்லியைப் பார்க்க மூவரும் கிளம்பியதும், ரொட்டி சானாய் சுடும் கல்லை ஆளிடம் ஒப்படைத்துவிட்டுக் கௌஸும் காரில் ஏறிக்கொண்டார். ஹுவேத்தெங் என்றால் என்ன என்று அவர் கேட்டதுதான் தாமதம், வண்டியை ஓட்டிய சுரேன் வகுப்பெடுக்கத் தொடங்கிவிட்டார்.

"பிலிப்பினோக்காரங்க தகாலோக் மொழியில அது ஒரு நம்பர் சூதாட்டம். ஆனா சொல்லு அவங்களோடது இல்ல. ஹொக்கியன்காரங்க கொண்டு போனது. 'ஹுவே'ன்னா பூ. அதே ஹொக்கியன்காரங்க மலாயாவுக்கு 'ஹுவா ஹுவே' கொண்டு வந்தாங்க. அதுலயும் அதே பூதான். போன ஞாயிறு மதியம் மெர்லி அவங்க அப்பாவைப் பத்திச் சொன்னப்ப, வீட்டுல இதைத்தான் விளக்கினேன்."

"ஹுவா ஹுவே வழக்கு நானும் பார்த்திருக்கேன்," என்றார் நவமணி. "பந்தயம் கட்ட முப்பத்தாறு பெயருங்க, ஒவ்வொண்ணுக்கும் ஒரு மிருகம். நடத்துறவன் ஒண்ணை முன்னாடியே எழுதிச் சுருட்டி, எல்லாரும் பார்க்கத் தொங்கவிட்ருவான். பந்தயம் முடிஞ்சதும் அவிழ்ப்பான். அப்ப மணிலா ஆட்டமும் அதேதானா சார்?"

ஒரு சொல்லுக்கு ஒன்பது சொல் பேசும் சுரேன், சாலையையே பார்த்துக்கொண்டு ஓட்டினார். பக்கத்தில் இருந்த கலாதேவி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். போக்குவரத்து அதிகம் என்று கௌஸ் நினைத்தார்.

வீட்டில் இராமசாமி முன்னறைக் கட்டிலில் சாய்ந்திருந்தார். "கலா, தண்ணி!" என்றார். கலாதேவி அடி எடுத்து வைத்தார். அதற்குள் அடுப்படியிலிருந்து மெர்லி ஓடி வந்து பெரியவர் வாயில் டம்ளரை வைத்தாள். "என் மக கலாவாட்டம் யாரு பார்ப்பா," என்று பெரியவர் அவள் தலையைத் தடவினார். பிறகு கலாதேவியைப் பார்த்து, "வாங்க, உட்காருங்க, யாரு வீட்டுப் பிள்ளை?" என்றார். வயதானால் வரும் மறதி பொல்லாதது என்று கௌஸ் மனதுக்குள் உச்சுக் கொட்டினார்.

மகன் தனேஷ் கைப்பேசியும் கையுமாகச் சோபாவில் கிடந்தான். அவன் நாலு நம்பர் குலுக்கல் பைத்தியம் என்று தெரிந்ததும் கௌஸ் நவமணியின் காதில், "ஆள் கிடைச்சிட்டான்க்கா," என்றார். நவமணி கண்டுகொள்ளவில்லை.

"போன ஞாயிறு அப்பா பேசினப்ப நீ இருந்தியா, தம்பி?"

"அப்பா ஆரம்பிச்சிட்டா எங்க எழுந்து போறது, ஆன்ட்டி? பூ, கப்பல், மணிலான்னு நானும் மெர்லியும் முழுசாக் கேட்டோம். அம்மா மட்டும் தப்பிச்சிட்டாங்க. அதே பூன்னு அப்பா சொன்னதுமே தே தண்ணி ஆத்தப் போயிட்டாங்க."

நவமணி எல்லோரையும் பெரியவரின் கட்டிலருகே உட்காரச் சொன்னார். மெர்லி மட்டும் நின்றாள். அவள் கட்டில் கம்பியைப் பிடித்த கையை எடுக்காததைக் கௌஸ் பார்த்தார். குற்றவாளியின் கையா, பயந்தவளின் கையா என்று அவருக்குப் பிடிபடவில்லை.

"மெர்லி, உங்க ஊர்ல ஹுவேத்தெங் எப்படி ஆடுவாங்க?"

"பாட்டில் மாதிரி கூடை இருக்கு, அக்கா. உள்ளே பந்து, நம்பர் போட்ட பந்து. குலுக்கும். ரெண்டு பந்து வெளியே வரும், அந்த ரெண்டு நம்பர்தான். அன்னைக்கு சார் பேசி முடிச்ச பிறகு சொன்னேன்."

"பொட்டலம் கட்டித் தொங்கவிடுவாங்களா?"

"தொங்குறது தாக் அடா, கிடையாது. மிருகமும் இல்ல." அவள் கண் நிறைந்தது. "என் அப்பா வீடு வீடா போய் பந்தயம் வாங்குற ஆளு. ஜெயில்ல செத்துப் போயிட்டாரு. நான் சீட்டுக் கட்டுகூடத் தொட மாட்டேன், அக்கா. சத்தியம்."

நவமணி பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டார். குரலை உயர்த்தாமல் பேசினார்.

"சொல்லு ஒரே ஊர்லேருந்துதான் கிளம்புச்சு. ஆனா மணிலா போய்ச் சேர்ந்த ஆட்டம் வேற, நம்ம தோட்டத்துக்கு வந்த ஆட்டம் வேற. அங்க குலுக்குறாங்க, இங்க தொங்கவிட்டாங்க. சொல்லு ஒண்ணுன்னா ஆட்டமும் ஒண்ணுதான்னு நினைச்ச ஆளு கட்டினது இது. மெர்லிக்கு அந்தத் தப்பு வராது. தனேஷும் சாரும் பந்து கதைய அவ வாயாலயே கேட்டவங்க. அவங்களா இருந்தா பந்தைத்தான் வச்சிருப்பாங்க."

"அப்ப யாருக்கா?" கௌஸ் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டார்.

"நீ இதைத் தாயத்துன்ன, கௌஸ். யாரு பார்த்தாலும் அப்படித்தான் சொல்லுவாங்க. கட்டு அவிழ்க்காத பொட்டலத்தைப் பார்த்து, இது சூதாட்டம்னு ஒருத்தருக்கு மட்டும் தெரிஞ்சிருக்கு. தோட்டத்துச் சீனக் கடையில இது தொங்குறதைச் சின்ன வயசுல பார்த்தவங்களுக்குத்தான் அது தெரியும். பெரியவரும் பார்த்திருப்பாரு, ஆனா அவரு எழுந்து கட்ட முடியாது." நவமணி திரும்பினார். "தே ஆத்தப் போகாம இருந்திருந்தா நீயும் பந்து கதையைக் கேட்டிருப்பே, கலா."

சுரேன் தரையைப் பார்த்தபடி, "எனக்கும் நேத்தே உறுத்துச்சு," என்றார். "என் வாயால சொல்ல முடியல. அதான் உங்ககிட்டக் கூட்டியாந்தேன்."

"ஒரு தடவையாச்சும் என் பேரச் சொல்லி என்னைக் கூப்பிடுவாருன்னு பார்த்தேன்," என்றார் கலாதேவி. "கலா கலாங்குறாரு. நான் போய் நின்னா, யாரு வீட்டுப் பிள்ளைங்குறாரு. இவ போயிட்டா அந்தப் பேரு எனக்குத் திரும்ப வரும்னு நினைச்சேன்க்கா."

கௌஸுக்கு ஒரு நிமிடத்துக்கு முன் அந்தப் பெண்மணி மீது மூண்ட கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. ஆனால் மெர்லிக்கு நேர இருந்தது சின்ன விஷயமும் அல்ல. அவர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"மன்னிச்சிரு மெர்லி," என்றார் கலாதேவி.

"கலா, தண்ணி!" என்றார் இராமசாமி.

எல்லோரும் மெர்லியைப் பார்த்தார்கள். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு டம்ளரை நிரப்பிக் கலாதேவியின் கையில் கொடுத்தாள்.

"தாடையைப் பிடிச்சுக்கணும், மேடம். இல்லன்னா இருமும். மெதுவா."

கலாதேவி அப்பாவின் தாடையைப் பிடித்தார். பெரியவர் மடக்கு மடக்காகக் குடித்து முடித்து, மகள் முகத்தை நெடுநேரம் உற்றுப் பார்த்தார்.

"நல்லா இரும்மா," என்றார். "என் மக கலா வர்ற நேரந்தான். இருந்து அவளையும் பார்த்துட்டுப் போ."

"சரிங்க ஐயா," என்றார் கலாதேவி. "இருந்து பார்த்துட்டே போறேன்."