சொல்லிக்கொள்ளாமல் கிளம்பவேண்டிய இடம்

எதிரொலிக்கு மரியாதை தெரியாது என்றுதான் வினோதினி அன்றைக்கு நினைத்துக்கொண்டாள். அவள் சொன்னது 'வரேங்க'. திரும்பி வந்தது 'வரேன்'. அந்த 'ங்க' எங்கே போனது என்று பஸ் புதுச்சத்திரம் தாண்டும்வரை யோசித்துக்கொண்டே வந்தாள். குரலும் அவளுடையதாக இல்லை. தொண்டையில் சளி கட்டிய, வெகுநாள் பேசாமல் கிடந்த ஓர் ஆண்குரல். உப்பனாற்றிலிருந்து வந்த படகு எஞ்சின் சத்தமும் ஈரக்காற்றில் உரசிய பனையோலையும் சேர்ந்து காதை ஏமாற்றியிருக்கும் என்று முடிவுகட்டி, ஜன்னல் கம்பியில் தலை சாய்த்துத் தூங்கிப்போனாள்.

அவள் அதைச் சொன்ன இடம் கடலூர் ஓ.டி.யில், அதாவது பழைய டவுனில், ஆள் அரவமற்ற ஒரு கல்லறைத் தோட்டம். சண்டைக்குப் போய் வந்த சிப்பாய்களின் கற்கள் கருவேல முள்ளுக்குள் சாய்ந்தும் புதைந்தும் கிடந்தன. ஞாயிற்றுக்கிழமைகளில் அவற்றைச் சுத்தம் செய்ய ஒரு சிறு கூட்டம் வரும். அதைக் கூட்டிச் சேர்த்தவர் சைபுல்லா. பெயின்ட் கடை வைத்திருப்பவர், ஆனால் எந்தக் கல்லிலும் ஒரு சொட்டு பெயின்ட் விழ விடமாட்டார். ஆசிட் கூடாது, கம்பி பிரஷ் கூடாது. தண்ணீர், தேங்காய் நார், எழுத்தின் பள்ளத்தைக் கிளற மூங்கில் குச்சி, அவ்வளவுதான். அவர் குடும்பத்தில் ஒருவர் பர்மா சண்டைக்குப் போய்த் திரும்பவே இல்லை. அவருக்குக் கல்லும் இல்லை. அடுத்தவர் கல்லையாவது துடைக்கிறேனே என்பார்.

வினோதினி சிதம்பரத்திலிருந்து பஸ் ஏறி அங்கே போனது தேசபக்தியால் அல்ல. கல்யாணமாகிப் பல வருஷமாகியும் அவளுக்குப் பிள்ளை இல்லை. அண்ணாமலை நகர் குவார்ட்டர்ஸில் ஞாயிற்றுக்கிழமையானால் உறவு யாராவது வந்து உட்கார்ந்துகொண்டு, காபி ஆறுவதற்குள், "விசேஷம் ஏதாச்சும் உண்டா?" என்று கேட்பார்கள். நாத்தனார் வளைகாப்பில் வளையல் தட்டு அவள் முன்னால் வந்தபோது, மாமியார் மங்கலம் அதை அலுங்காமல் எடுத்து அடுத்தவள் மடியில் வைத்தாள். ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. திட்டியிருந்தால்கூட ஆறியிருக்கும். செத்தவர்கள் விசேஷம் கேட்பதில்லை. அந்த ஒரு நாகரிகத்துக்காகவே வினோதினி முள்ளுக்குள் நுழைந்தாள்.

அவள் பங்குக்கு வந்தது 'சிப்பாய் தேவசகாயம்' என்ற கல். பேருக்குக் கீழே இருந்ததெல்லாம் மண்ணுக்குள் இறங்கியிருந்தது. பாசியைச் சுரண்டிக்கொண்டே வாரா வாரம் அதனிடம் பேசுவாள். வீட்டில் பேச முடியாததையெல்லாம் பேசுவாள். அன்றைக்கு, நாத்தனாருக்கு இரண்டாவதும் உண்டாகியிருக்கிறது என்ற செய்தி வந்த மறுநாள், கொஞ்சம் அதிகமாகவே பேசிவிட்டாள்.

"எனக்குன்னு ஒண்ணு வந்தா போதும். கூனோ குருடோ, யாரா இருந்தாலும் சரி."

கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தவள், பழக்கதோஷத்தில், கல்லைப் பார்த்து 'வரேங்க' என்றாள். சாவு வீட்டில் சொல்லிக்கொண்டு கிளம்பக் கூடாது என்று அவளுக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் யாரும் அழுது முடித்து முக்கால் நூற்றாண்டாகிவிட்ட இடத்தை, அணில் ஓடும், எருக்கம்பூ பூத்த இடத்தை, சாவு வீடு என்று அவள் மனது எடுத்துக்கொள்ளவே இல்லை. பக்கத்துக் கல்லைக் கழுவிக்கொண்டிருந்த சைபுல்லாதான் நிமிர்ந்து பார்த்தார்.

"அக்கா, இங்க அப்படிச் சொல்லாதீங்க. சும்மா கெளம்பிடுங்க."

"வாய்ல வந்துடுச்சு பாய்."

அதற்குப் பிறகுதான் அந்த எதிரொலி வந்தது. சைபுல்லா காதில் அது விழுந்த மாதிரி தெரியவில்லை.

அடுத்த மாதமே நாள் தள்ளிப்போனது. மங்கலம் ஒரே ராத்திரியில் வேறு பொம்பிளையாகிவிட்டாள். பூண்டு உரித்துக் குழம்பு வைத்தாள், தண்ணீர்க் குடத்தைத் தொடவிடவில்லை, சுடுகாடு இடுகாடு என்ற பேச்சே கூடாது என்றாள். வினோதினியும் போவதை நிறுத்தினாள். தேவைப்பட்டது கிடைத்துவிட்டது, இனி அங்கே என்ன வேலை?

மசக்கையில் சிலர் சாம்பல் தின்பார்கள், சிலர் மண். வினோதினிக்கு மாங்காய் பிடிக்கவில்லை, புளி பிடிக்கவில்லை. ஒரு மத்தியானம், பழைய துணிப்பையில், கல் தேய்த்த தேங்காய் நார் பாசித்தூளோடு காய்ந்து கிடப்பதைப் பார்த்தாள். வாயில் எச்சில் ஊறியது. பாத்ரூம் கதவைச் சாத்திக்கொண்டு, குழாயைத் திறந்துவிட்டு, நாரை வாயில் வைத்து உறிஞ்சினாள். ஈரக்கல்லின் ருசி, துருவின் ருசி, அதற்கு அடியில், அவள் இதுவரை நாக்கில் வைத்தறியாத, ஆறிப்போன சுருட்டின் கசப்பு. முழுவதும் தீரும்வரை அவளால் நிறுத்த முடியவில்லை.

ஐந்தாம் மாதம் பிள்ளை அசைந்தது. குவார்ட்டர்ஸுக்குப் பின்னால் மைதானத்தில் என்.சி.சி. பையன்கள் அணிவகுப்புப் பழகும் நேரம். டிரம் சத்தம், பூட்ஸ் சத்தம், 'ஏக் தோ ஏக்' என்ற கத்தல், எல்லாம் வேப்பமரங்களைத் தாண்டி அடுக்களைக்குள் வந்தன. வயிற்றுக்குள் ஓர் உதை, அடுத்து மறுபக்கம் ஓர் உதை, இடது, வலது, இடது, டிரம்முக்கு ஒரு துளி பிசகாமல். புருஷன் ஞானசேகரன் கையை வைத்துப் பார்த்துவிட்டுக் கண் கலங்கினான்.

"பட்டாளத்துக்குத்தான்டி போவப்போறான்."

மைதானத்தில் யாரோ 'தம்' என்று அதட்டினார்கள். பூட்ஸ் சத்தம் நின்றது. வயிறும் நின்றது.

ஸ்கேனில் எல்லாம் நார்மல் என்றார் டாக்டரம்மா. வெயிட்தான் கொஞ்சம் ஜாஸ்தி என்றார். ஜாஸ்தி என்பதை மங்கலம் பார்க்கிறவர்களிடமெல்லாம் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தாள். வினோதினி சிரித்து வைத்தாள். பயத்தை யாரிடம் சொல்வது? சொன்னால் பைத்தியம் என்பார்கள், இல்லையென்றால் நம்பிவிடுவார்கள். இரண்டாவதுதான் அவளை அதிகம் நடுக்கியது.

ஐப்பசி மழையில் ஏழாம் மாத வளைகாப்பு நடந்தது. வீடு முழுக்கச் சந்தனம், கதம்பம், எலுமிச்சம்பழச் சோறு. மங்கலம்தான் முதல் வளையலைப் போட்டாள். நாத்தனார் தன் நிறைவயிற்றோடு குனிந்து குங்குமம் வைத்தாள். இரண்டு கையிலும் முழங்கைவரை கண்ணாடி குலுங்க, வினோதினி அந்த நாற்காலியில் ராணி மாதிரி உட்கார்ந்திருந்தாள். அத்தனை வருஷக் கசப்புக்கும் அன்றைக்கு ஒரு மத்தியானம் முழுக்க வட்டி வந்தது. ஆனால் உள்ளே அசைவே இல்லை. தூங்குகிற அசைவின்மை அல்ல. வீட்டில் ஆட்கள் இருக்கிறார்கள் என்று மூச்சை அடக்கிக்கொண்டு ஒளிந்திருப்பவனின் அசைவின்மை.

சாயங்காலம் ஞானசேகரன் வடலூர் உறவுக்காரர்களை பஸ் ஏற்றிவிடப் போனான். மழை வலுத்தது. கரண்ட் போனது. படுக்கையறை இருட்டில் செல்போன் ஒளிர்ந்தது. சைபுல்லா.

"அக்கா, விசேஷம் நல்லபடியா முடிஞ்சுதா? இன்னிக்குச் சொல்லக் கூடாதுதான். மனசு கேக்கல. அந்த தேவசகாயம் கல்லு சாஞ்சிடுச்சு. மழைல கீழ மண்ணு எறங்கிப் பெரிய பள்ளம்."

"மண்ணு கொட்டி நிமித்திடலாம் பாய்."

"கொட்டத்தான் போனோம். பெட்டியோட தகடு, ஆணி, சட்டைப் பித்தளைப் பொத்தான்கூட இருக்கு. அவுரு இல்லக்கா. ஒரு எலும்பு இல்ல."

"அத்தினி வருஷமாச்சு. மண்ணோட மண்ணாயிருக்கும்."

"பக்கத்துக் குழியிலயும் மண்ணு எறங்குச்சு. அங்க எல்லாம் அப்படியே இருக்கே."

லைன் விட்டுப்போனது. போன் வெளிச்சமும் அணைந்தது.

மழைச் சத்தம். ஓட்டுத் தாழ்வாரத்திலிருந்து வாளிக்குள் சொட்டும் சத்தம். சந்தன வாசனைக்கு நடுவே மெல்லிசாய் ஒரு புகை வாசனை, ஊதுபத்தி அல்ல, சுருட்டு. அது ஜன்னலிலிருந்து வரவில்லை. அவள் மூச்சிலிருந்து வந்தது. வாயைப் பொத்தினாள். விரலிடுக்கில் அதே வாசனை.

வளையல்கள் குலுங்கின. அவள் கையை ஆட்டவில்லை. வயிறு ஆட்டியது.

உள்ளே எதுவோ புரண்டது. மெதுவாக. இடம் போதாமல். முழங்கால் மடக்கிக் கிடந்த ஓர் ஆள் நிமிரப் பார்ப்பதுபோல.

"வினோ? என்னாம்மா சத்தம்?" அடுக்களையில் மங்கலம் தீப்பெட்டி தேடிக்கொண்டிருந்தாள். "வலிக்குதா? ஆட்டோ சொல்லட்டுமா, ஆஸ்பத்திரிக்குப் போயிடலாம்."

ஒரு வார்த்தை போதும். 'ஆமாம் அத்தை.' கொண்டுபோவார்கள். பார்ப்பார்கள். எடுத்துவிடுவார்கள். பிறகு வெறும் வயிறு. வெறும் வீடு. பரிதாபமாக ஒரு பார்வை, சாகும்வரை.

"ஒண்ணுமில்ல அத்தை," என்றாள் வினோதினி. "உதைக்கிறான்."

சொல்லிவிட்டு அடிவயிற்றில் வலது உள்ளங்கையை வைத்தாள். சூடு. தோல் இழுபட்டது. உதை இல்லை. உள்ளேயிருந்து ஓர் உள்ளங்கை வந்து அவள் கைக்கு நேராகப் பொருந்தியது. விரல்கள் ஒவ்வொன்றாக விரிந்தன. கட்டைவிரல் அவள் கட்டைவிரலைத் தேடிப் பிடித்தது. மற்றவை நீண்டன. அவள் விரல்கள் முடிந்த இடத்தில் அவை முடியவில்லை. தோலுக்கடியில் இன்னும் ஒரு கணு தூரம் மேடிட்டுப் போய் நின்றன.

மங்கலம் மெழுகுவத்தியோடு வாசற்படியில் வந்து நின்றாள். வினோதினி புடவைத் தலைப்பை இழுத்து வயிற்றை மூடிக்கொண்டாள். கையை எடுக்கவில்லை. தலைப்புக்குக் கீழே அந்த விரல்கள் நிதானமாக மடங்கி, அவள் கையைப் பிடித்துக்கொண்டன.