வாழை நாறுது

சகாயவினோத் கைப்பேசியை மேசைமேல் வைத்துவிட்டு, அதைப் பார்க்காமல் சுவரைப் பார்த்தான்.

"இத நான் எழுதல மேடம். ஆனா என் நம்பர்லருந்துதான் போயிருக்கு. எப்படின்னு தெரியல."

இராமநாதபுரத்தில் துப்பறியும் அலுவலகம் நடத்தும் துர்காதேவிக்குப் பெரும்பாலும் மாப்பிள்ளை விசாரிக்கும் வேலைதான் வரும். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். அதற்குள் அவருடைய உதவியாளன் ஜாபர் சாதிக் எட்டிப் பார்த்து, உரக்கவே படித்துவிட்டான்.

"பர்வேஸுக்கு துபாயில வேலை போச்சு லீவுன்னு வீட்ல பொய் சொல்லிருக்கான் வாழை நாறுது ஐஸ் போடு."

"சத்தமாப் படிக்காதீங்க" என்றான் வினோத். அவன் காது மடல் சிவந்திருந்தது.

தங்கச்சிமடத்தில் விசைப்படகு வைத்திருப்பவன் வினோத். பெரியபட்டினத்துப் பர்வேஸ் அவனோடு கல்லூரியில் படித்தவன். பழைய நண்பர்கள் சேர்ந்து 'சும்மா ஒரு சொல்' என்று ஒரு வாட்ஸப் குழு வைத்திருந்தார்கள். தினமும் ஒரு விடுகதை, ஒரு சிலேடை, யாருக்கும் பயன்படாத ஒரு துணுக்குச் செய்தி. அந்தக் குழுவில்தான் முந்தாநாள் காலை இது போய் விழுந்தது.

"சிலேடைன்னு நெனச்சு எல்லாரும் பிரிச்சு மேய ஆரம்பிச்சுட்டாக. வாழைன்னா நார், நாறுதுன்னா நாத்தம், ஆக பர்வேஸ் வாழ்க்கை நாறுதுன்னு கூடப் படிச்ச ஜாஸ்லின் வெடை போட்டுச்சு. ஐஸ் போடுன்னா மொதலாளிக்கு ஐஸ் வச்சு வேலைய வாங்குன்னு அர்த்தமாம். நான் கரையில மீன் பிரிச்சுட்டு இருந்தேன், பாக்கல. பாக்குறதுக்குள்ள பர்வேஸோட அம்மா வரைக்கும் போயிருச்சு. பர்வேஸ் குழுவ விட்டு வெளிய போயிட்டான். போனும் எடுக்க மாட்டேங்குறான். எங்கிட்ட மட்டும் சொன்ன விஷயம் மேடம் அது. அவன் சிநேகிதம் போயிரும்."

"யார் மேல சந்தேகம்?"

"அய்யப்பன். என் படகுல வேலை பாக்குறவன். போன் அவன் பக்கத்துலதான் கெடந்துச்சு. நேத்தே வேலைக்கு வர வேணாம்னுட்டேன்."

"கேஸ் முடிஞ்சுது மேடம்" என்றான் ஜாபர்.

துர்காதேவி குழுவின் பழைய பதிவுகளை மெதுவாகத் தள்ளிப் பார்த்தார். "தம்பி, நீங்க தமிழை எப்பவும் இங்கிலீஷ் எழுத்துலதானே தட்டுறீங்க?"

"ஆமா. அதான் எனக்கு வேகமா வரும்."

"முந்தாநாள் மட்டும் ரெண்டு பதிவு தமிழ் எழுத்துல. மொத பதிவு விடுகதை. 'மலையிலும் இருக்கும் கடலிலும் இருக்கும் அது என்ன'. கமா இல்ல, கேள்விக்குறி இல்ல."

"கணவாய்! மலைவழியும் அதுதான், கடல் மீனும் அதுதான்" என்றான் ஜாபர் உடனே.

"விடை கேக்கல ஜாபர்."

வினோத் முதல்முறையாக அவரை நேராகப் பார்த்தான். "அது நான் போட்டதுதான். கையெல்லாம் செதிலு. மைக்க அமுக்கி வாயால சொன்னேன், போனே எழுதிக்கிச்சு. அப்புறம் ஒத்த வெரலால தொட்டு அனுப்புனேன்."

"அதுக்கப்புறம்?"

"கணவாய்க்கு மூணு இதயம்னு ஒரு துணுக்கு. அதையும் சொல்லலாம்னு மறுபடி மைக்க அமுக்கப் போறப்ப அய்யப்பன் என்னமோ கேட்டான். மைக்க அமுக்கிட்டு அப்படியே வேலையில எறங்கிட்டேன்."

"அந்தத் துணுக்கு குழுவுல வரவே இல்லயே."

வெளியே பேருந்து ஒன்று நின்று, கிளம்பிப் போனது.

"அன்னிக்கு வலையில என்ன மீன்?"

"வாளைதான் நெறைய."

"அத இதுல சொல்லுங்க." மைக்கை அமுக்கி அவனிடம் நீட்டினார்.

"வாளை நாறுது" என்றான் வினோத். திரையில் 'வாழை நாறுது' என்று எழுத்து விழுந்தது. ஜாபர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான்.

"மீன்காரர் யாரும் வாளை மீனுக்கு ழகரம் போட மாட்டாங்க" என்றார் துர்காதேவி. "ஆனா இந்தப் பக்கம் வாழையையும் வாளைன்னுதான் சொல்றோம். காதுல விழுறது ஒரே சத்தம். போனுக்கு மீன் வாடை தெரியாது. எந்தச் சொல்லை அதிகம் பேர் எழுதுறாங்களோ அதை எடுத்துக்கும். ஐஸ் போடுன்னா மீனுக்கு ஐஸ் போடுன்னுதான் அர்த்தம். இதுல சிலேடையே இல்ல. இது பேச்சு."

"அப்ப பேசுனது அய்யப்பனா இருக்கலாமே" என்றான் ஜாபர்.

"இருக்கலாம். ஆனா விஷயம் வினோத்துக்கு மட்டும்தான் தெரியும். அய்யப்பனுக்கு யார் சொன்னா?"

அய்யப்பன் அன்று என்ன கேட்டான் என்பது வினோத்துக்கு நன்றாகவே ஞாபகம் இருந்தது. அலுவலகப் படியேறும்போதும் ஞாபகம் இருந்தது. போன் திருட்டு, ஹேக்கிங் என்று எதையாவது கண்டுபிடித்துத் தந்துவிட மாட்டார்களா என்றுதான் வந்திருந்தான்.

அன்று மாலையே துர்காதேவி அய்யப்பனையும் பர்வேஸையும் வரவழைத்தார். அய்யப்பன் கதவோரம் நின்றான். பர்வேஸ் உட்கார்ந்தான், வினோத் இருந்த பக்கம் திரும்பவில்லை.

"அய்யப்பன், அன்னிக்கு என்ன கேட்டீங்க?"

அவன் வினோத்தைப் பார்த்துத் தயங்கினான். "பர்வேஸ் அண்ணன் துபாய்க்கு எப்ப திரும்பப் போறாருன்னு கேட்டேன்."

"பதில் சொன்னது யார்?"

"அத நான் எப்படிங்க சொல்ல. மொதலாளி எங்கிட்ட நம்பிச் சொன்ன பேச்சு."

"வேலைய விட்டு நிறுத்துனப்பவும் சொல்லலயா?" என்றான் ஜாபர்.

"சொன்னா, எனக்குத் தெரியும்ங்கறதே வெளிய வந்துருமே."

பர்வேஸ் இப்போதுதான் திரும்பினான். "ஏலே வினோத்து, எவனோ போனத் திருடி அனுப்பிட்டான்னு எனக்கு மெசேஜ் போட்டியே. இவனையா சொன்ன?"

துர்காதேவியிடம் விளக்கம் தயாராகத்தான் இருந்தது; அதைச் சொல்ல வேண்டிய ஆள் அவர் இல்லை.

வினோத் எழுந்து நின்றான். உட்கார்ந்தபடி சொல்ல முடியும் என்று தோன்றவில்லை.

"பர்வேஸு, ஒன் சங்கதிய அய்யப்பன்கிட்ட நாந்தான் சொன்னேன். மீன் பிரிக்கையில வாய் சும்மா இருக்காம சொல்லிட்டேன். மைக் தொறந்து கெடந்துச்சு. நான் சொன்னதையும், மீனுக்கு ஐஸ் போடச் சொன்னதையும் சேத்து எழுதிருச்சு. வேலை முடிஞ்சு ஈரக் கையோட போன எடுத்துப் பையில போட்டேன், பெருவிரல் பட்டுக் குழுவுக்குப் போயிருச்சு. யாரும் திருடல. அய்யப்பன் தொடக்கூட இல்ல."