மூச்சு குடிக்கும் கூரை

திருப்பூரில் கோடைக்காலத்தில் பகல் பதினொரு மணிக்கு மேல் ஆட்களை வைத்து ஆலை நடத்த வேண்டுமென்றால், உள்ளே வெப்பம் முப்பது டிகிரியைத் தாண்டக் கூடாது. அது சட்டம். அதனால் முதலாளிகள் சந்தித்துக்கொண்டால் நூல் விலைக்கு முன்பு கூரையைப் பற்றித்தான் பேசினார்கள்.

கோகிலவாணி அந்தப் பேச்சில் கலந்துகொள்வதில்லை. அவளுடைய பின்னலாடை ஆலையின் மேல்தளம் அகலமானது, தட்டையானது. வாட்டம் போதாமல் மழைநீர் நடுவில் குளமாக நிற்கும். ஒழுகும்போதெல்லாம் பழைய தார்விரிப்பின் மேலேயே புதியதை ஒட்டிக் காலம் தள்ளிவந்தாள். ஓர் ஆண்டு மழையில் ஏற்றுமதிக்குக் கட்டி வைத்திருந்த பனியன் மூட்டைகள் நனைந்து வீணாயின. அதற்குப் பிறகுதான் கோவையிலிருந்து கூரைப் பொறியாளன் இர்ஷாத்தை வரவழைத்தாள்.

அவன் மூன்று மாதிரிகளை மேசைமேல் வைத்தான். முதலாவது வெள்ளைப் படலம். வெயிலைத் திருப்பி அனுப்பும், ஆனால் தூசு படிந்தால் பாதி வேலைதான் செய்யும். இரண்டாவது மின்படலம். மின்சாரம் தரும், கட்டடத்தைக் குளிர்விக்காது. மூன்றாவது உள்ளங்கை அளவில் பச்சையாக, லேசான ஈரத்தோடு இருந்தது. கோகிலவாணி விரலை வைத்ததும் அது மெல்லச் சுருங்கியது.

"இது என்னங்க, உசுரோட இருக்குதா?"

"ஆமாங்க, உயிர்த்தோல். பாசியும் காளானும் ஒண்ணாச் சேர்ந்து வளர்றது. தளத்துல சின்னச் சின்னத் துளை போட்டு விட்டா, வேர் உள்ள எறங்கி ஹால்ல இருக்கிற புழுக்கத்த உறிஞ்சும். அதையே மேல் பக்கமா வேர்வையா விட்டுரும். கட்டடம் குளுந்துக்கும். கிழிஞ்சாத் தானாவே கூடிக்கும்."

"தீனி?"

"வெயிலும் காத்தும் போதுங்க."

அவள் அதையே தேர்ந்தெடுத்தாள். பழைய விரிப்பின் மேலேயே போட்டுவிடலாமே என்று கேட்டபோது, இர்ஷாத் அவளை மேலே கூட்டிப்போய் ஓரிடத்தில் விரிப்பை அறுத்துக் காட்டினான். அடியிலிருந்து தண்ணீர் கசிந்தது.

"ஈரத்த உள்ள வெச்சு மூடினா, மேல எதப் போட்டாலும் அழுகிருங்க."

எல்லா விரிப்புகளையும் உரித்தெடுத்துத் தளத்தைக் காயவிட்டார்கள். வடிகுழாய்களை நோக்கி வாட்டம் கொடுத்துப் பூசினார்கள். கம்பிகளுக்குச் சேதமில்லாமல் துளையிட்டு, இளந்தோலைப் பாய் பாயாக விரித்தார்கள். சில வாரங்களில் இணைப்புகள் தாமாகவே கூடி மறைந்தன. தையல்கூடத்தின் உட்கூரையில் வெல்வெட்டுப் போல வேர்கள் இறங்கின. மேற்பார்வையாளர் சென்னியப்பன் அண்ணாந்து பார்த்து, "குளுகுளுன்னு இருக்குதுங்க" என்றார்.

அடுத்த கோடையில் வெளியே அனல் அடித்தபோது, உள்ளே ஆட்கள் வியர்க்காமல் மாலைவரை தைத்தார்கள். ஆர்டர்கள் பெருகின. இரண்டாண்டு லாபத்தில் கோகிலவாணி தையலிகளை வாங்கினாள். அவை மனிதக் கை படாமலே வெட்டித் தைத்து மடித்துக் கொடுக்கும் எந்திரங்கள். ஆட்கள் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தார்கள். கடைசியில் சென்னியப்பனும் சொல்லிக்கொண்டு போனார்.

சில மாதங்களில் வேர்கள் சாம்பல் நிறமாயின. தோல் வெடித்தது. ஒரு சாதாரணத் தூறலுக்கே கூடம் ஒழுகியது.

இர்ஷாத் வந்து ஈரமானியால் தளம் முழுக்கச் சோதித்தான். தாது உப்பு தெளித்தான். எதுவும் பலிக்கவில்லை. இரண்டு பேரும் மேலே நின்று பார்த்தார்கள். பழுப்பேறிக் கிடந்த பரப்பின் ஒரு மூலையில் மட்டும் வட்டமாகப் பச்சை. வாசல் பக்கம் இன்னொரு சிறு வட்டம்.

"இதுக்கு நேர் கீழ என்ன இருக்குதுங்க?"

கோகிலவாணி யோசித்தாள். "இது நான் இருக்கற ரூமு. அது வாட்ச்மேன் உக்கார்ற எடம்."

இர்ஷாத் கீழே இறங்கினான். கூடத்தின் நடுவில் ஒரு ஸ்டூல் போட்டு ஏறி, காய்ந்த வேர்களுக்கு அருகே முகத்தை வைத்துக்கொண்டு நின்றான். வெகுநேரம் கழித்து நாலைந்து வேர்கள் அவன் வாயை நோக்கித் திரும்பின.

"இது காத்தத் தின்னு வளரலீங்க," என்றான் மெதுவாக. "மூச்சத் தின்னு வளந்துருக்குது."

மூச்சில் வெளியேறும் கரிவளியை உருளைகளில் கொண்டுவந்து திறந்துவிட்டான். நீராவி ஊதிப் பார்த்தான். வேர்கள் அசையவில்லை. மூச்சின் சூடா, ஏற்ற இறக்கமா, பேச்சோடு கலந்து வரும் ஏதோ ஒன்றா, அவனுக்குப் பிடிபடவில்லை.

"எங்க ஆய்வகத்துல இத வளத்தப்பவும் பக்கத்துல ஆளுங்க இருந்துட்டேதான் இருந்தாங்க. ஆளே இல்லாம யாரும் சோதிச்சுப் பாக்கலீங்க."

மறுநாள் காலை கோகிலவாணி ஊத்துக்குளிக்குப் போய்ச் சென்னியப்பன் வீட்டு வாசலில் நின்றாள். அவர் நாற்காலியை எடுத்துப் போட்டார். அவள் எல்லாவற்றையும் சொன்னாள்.

"வந்து என்ன வேலைங்க செய்யறது?"

"வேலை ஒண்ணுமில்லீங்ண்ணா. ஹால்ல உக்காந்திருந்தாப் போதும். சம்பளம் குடுத்தர்றேன்."



"செடிக்கு எருப் போடற மாதிரி எங்களக் கொண்டு போய்ப் போடறீங்களா அம்மணி?" என்றார் சென்னியப்பன்.

அவள் நாற்காலியிலிருந்து எழுந்தாள்.

"எல்லாரையும் கூட்டிட்டு வர்றேனுங்க. ஆனா மிசின் குடுத்தாத் தைப்போம். சும்மா உக்காந்து மூச்சு உட எங்களால ஆவாதுங்க."

அவள் ஒப்புக்கொண்டாள். தையலிகள் பக்கத்துத் தகரக் கொட்டகைக்குப் போயின. அவற்றுக்கு வெயில் ஒரு பொருட்டல்ல. பழைய ஆட்கள் பெரும்பாலும் திரும்பி வந்தார்கள். பேச்சும் இருமலும் சிரிப்புமாகக் கூடம் நிறைந்தது. ஒரு மாதத்தில் வெடிப்புகள் கூடின, வேர்கள் பசுமையேறின. விஷயம் தெரிந்ததும் ஊரில் உயிர்த்தோல் போட்டிருந்த மற்ற முதலாளிகளும் ஆள் தேடி அலைந்தார்கள்.

பிறகு தீபாவளி வந்தது. ஊரே காலியாகும் வாரம். இப்போதுதான் தேறியிருந்த தோல் ஒரு வாரம் மூச்சில்லாமல் தாங்குமா என்று தெரியவில்லை. பாதிப் பேராவது இருக்க முடியுமா என்று கோகிலவாணி கேட்டுப்பார்த்தாள்.

"எம்பட புள்ளைய நானும் போய்ப் பாக்கோணுமில்லீங்க" என்றார் சென்னியப்பன். அதற்கு மேல் அவள் வற்புறுத்தவில்லை.

தீபாவளியன்று மதியம் கூடத்தில் அவள் மட்டும் இருந்தாள். ஓரிடத்தில் நின்று கொஞ்ச நேரம் மூச்சு விடுவாள், பிறகு நாலடி தள்ளிப்போய் நிற்பாள். தலைக்கு மேலே வேர்கள் அவளைப் பின்தொடர்ந்து திரும்பிக்கொண்டே வந்தன. அவ்வளவு பெரிய தளத்துக்கு ஒருத்தியின் மூச்சு எந்த மூலைக்கு என்று அவளுக்குத் தெரிந்தே இருந்தது. ஆனாலும் கிளம்ப மனம் வரவில்லை.

வீட்டிலிருந்து மகன் போனில் கூப்பிட்டான்.

"எல்லாரும் சாப்பிடாமக் காத்துட்டிருக்கறாங்கம்மா. எப்ப வருவீங்க?"

கோகிலவாணி தரையில் உட்கார்ந்தாள்.

"சாப்பாட்டத் தூக்கிட்டு நீங்க இங்க வந்துருங்க சாமி. பெரியப்பா வீட்டுலயும் சொல்லு. பக்கத்து வீட்டுக்காரங்களையும் கூப்புடு."

"அத்தன பேரையுமா?"

"எத்தன பேரு வந்தாலும் சரி," என்றாள் அவள். "வந்து நல்லாச் சத்தம் போட்டுப் பேசிட்டிருங்க."