சிரிப்பு வராத படம்

அந்த வீட்டில் ஒரு படம் தேறியதா இல்லையா என்று சொல்லும் அதிகாரம் சில்வண்டுக்குத்தான் இருந்தது.

அவளுக்குப் பத்து வயது. வாய் ஓயாமல் பேசுவதால் வீட்டிலும் பள்ளியிலும் அவளுக்கு அந்தப் பெயரே நிலைத்துவிட்டது. அவளுடைய அம்மா கேலிச்சித்திரம் வரைபவள். அலுவலகம் கிடையாது, மேலதிகாரி கிடையாது. பத்திரிகைக்குச் சிரிப்புப் படம், கடைக்கு விளம்பரப் படம், பிறந்தநாளுக்குப் பரிசுப் படம் என்று யார் எது கேட்டாலும் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து வரைந்து கொடுப்பாள். அங்கே கிடக்கும் மூக்குகளையும் காதுகளையும் ஒதுக்கிவிட்டுத்தான் தட்டு வைக்க வேண்டும்.

வெளியே போனாலும் அம்மாவுக்கு அதே வேலைதான். பேருந்தில் எதிரே இருப்பவரைக் கண்கொத்திப் பாம்பாகப் பார்ப்பாள். ஒருமுறை ஓர் அம்மாள் பயந்துபோய் ஒரு நிறுத்தம் முன்னதாகவே இறங்கிவிட்டார்.

அம்மாவிடம் ஒரு சட்டம் உண்டு. படம் முடியும்வரை யாரும் பார்க்கக் கூடாது. முடிந்ததும் முதலில் சில்வண்டுக்குக் காட்டுவாள். மூன்று எண்ணுவதற்குள் சில்வண்டுக்குச் சிரிப்பு வந்தால் படம் தேறிவிட்டது. தம்பிக்கு இந்த வேலை கிடையாது. அவன் கரண்டியைப் பார்த்தாலே சிரிப்பான்.

அன்று சனிக்கிழமை. சில்வண்டு விடியும்போதே எழுந்து குதித்துக்கொண்டிருந்தாள். காரணம், விசில் மாமா.

பள்ளி வாசலில் வண்டிகளை நிறுத்திப் பிள்ளைகளைச் சாலை தாண்ட வைப்பவர் அவர். பதினெட்டு வருடமாக ஒரு நாளும் தவறியதில்லை. இன்றோடு ஓய்வு பெறுகிறார். பதினொரு மணிக்குப் பள்ளியில் விழா. பிள்ளைகள் எல்லோரும் சேர்ந்து அவருக்குக் கொடுக்கப்போகும் பரிசு, அம்மா வரைந்த படம்.

எட்டரை மணிக்கு அம்மா படத்தை நாற்காலியில் சாய்த்து வைத்து, மேலே மூடியிருந்த துணியை இழுத்தாள்.

ஒன்று. இரண்டு. மூன்று.

விசிலை வாயோரத்தில் செருகியே பழகியதால் பலூன் மாதிரி உப்பிப்போன ஒற்றைக் கன்னம். அதன் மேல் மிளகு அளவு மச்சம். நெற்றிக்கு ஏறிப்போன ஒற்றைப் புருவம். கையில் ‘நில்’ என்று எழுதிய வட்டப் பலகை. எல்லாமே இருந்தது. சில்வண்டுக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

தம்பி விழுந்து விழுந்து சிரித்தான். அவனை யாரும் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை.

அம்மாவின் முகம் வாடியது. மூன்று நாள் வேலை அது. பொய்யாகவாவது சிரித்துவிடலாமா என்று சில்வண்டு ஒரு நொடி நினைத்தாள். ஆனால் அம்மாவிடம் பொய்ச் சிரிப்பு செல்லுமா? முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற கதைதான்.

“அவர் மாதிரியே இருக்கும்மா,” என்றாள் மெதுவாக. “ஆனா அவர் இல்ல. அவரோட அண்ணன் மாதிரி இருக்கு.”

“எங்க தப்புன்னு சொல்லு கண்ணு. மூக்கா? தாடையா?”

சில்வண்டுக்குச் சொல்லத் தெரியவில்லை. அம்மா தன் செல்போனை எடுத்து, வரைவதற்கென்று தலைமையாசிரியை அனுப்பியிருந்த புகைப்படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தாள். மச்சம் சரி, புருவம் சரி, கன்னமும் சரி. பிழை எங்கே இருக்கிறது என்று அவளுக்கும் பிடிபடவில்லை.

“நீ போய்த் தலை வாரு. நேரமாகுது,” என்றாள்.

சில்வண்டு அலமாரிக் கண்ணாடி முன்னால் போய் நின்று சீப்பை எடுத்தாள். கண்ணாடியில் அவளுக்குப் பின்னால் நாற்காலி தெரிந்தது. நாற்காலியில் படம் தெரிந்தது.

சீப்பு கீழே விழுந்தது. சில்வண்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தாள்.

“அம்மா, இங்க வா. அவர் கண்ணாடிக்குள்ள இருக்கார். விசில் மாமாவேதான்.”

அம்மா ஓடி வந்து கண்ணாடியைப் பார்த்தாள். திரும்பிப் படத்தைப் பார்த்தாள். மறுபடி கண்ணாடியைப் பார்த்தாள்.

“நான் தினமும் அவரோட இடது கையப் பிடிச்சிக்கிட்டுதாம்மா ரோடு தாண்டுவேன்,” என்றாள் சில்வண்டு. “உப்பின கன்னம் என் பக்கம்தான் இருக்கும். நீ அந்தப் பக்கம் போட்டுட்ட.”

அம்மா செல்போன் படத்தை இப்போது சின்னதாக்கினாள். அது தலைமையாசிரியை விசில் மாமாவோடு நின்று எடுத்த செல்ஃபி. அவர்களுக்குப் பின்னால் பள்ளியின் பெயர்ப்பலகை. அதில் எழுத்துகள் எல்லாம் இடவலம் மாறி, கண்ணாடியில் தெரிவதுபோல் நின்றன. சில செல்போன்கள் செல்ஃபியை இப்படித் திருப்பிவிடும் என்று அம்மாவுக்குத் தெரியும். ஆனால் முகத்தை மட்டுமே பெரிதாக்கிப் பார்த்ததில் பலகை கண்ணில் படவே இல்லை.

“மூக்கைப் பாத்த நேரத்துல முதுகுக்குப் பின்னாடி பாக்காம விட்டுட்டேன்,” என்று அம்மா தலையில் கை வைத்தாள். மணி ஒன்பது. புதிதாக வரைய மூன்று நாள் வேண்டும். கையில் இருந்ததோ இரண்டு மணி நேரம்.

சில்வண்டு ஜன்னலைப் பார்த்தாள். வெயில் சுள்ளென்று அடித்துக்கொண்டிருந்தது.

“அம்மா, படத்தைத் திருப்பி ஜன்னல்ல ஒட்டினா பின்பக்கமா கோடு தெரியுமில்ல? அது மேல வேற தாள் வச்சு அப்படியே வரையேன்.”

அம்மா அவளை ஒரு நொடி உற்றுப் பார்த்தாள். அடுத்த நொடி வீடே காலில் வெந்நீரைக் கொட்டிக்கொண்டது. படம் திரும்பி ஜன்னல் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டது. அதன் மேல் புதுத்தாள் ஏறியது. கறுப்புக் கோடுகள் வெயிலில் பளிச்சென்று தெரிந்தன. அம்மாவின் பேனா மூச்சு விடாமல் ஓடியது. சில்வண்டு ஸ்டூல் மேல் ஏறித் தாளின் மூலைகளை அழுத்திப் பிடித்தாள். தம்பிக்கும் வேலை கிடைத்தது. ஒட்டும் நாடாவைத் துண்டு துண்டாக விரலில் வைத்துக்கொண்டு, அசையாமல் நிற்க வேண்டும். பாதியைத் தன் மூக்கிலேயே ஒட்டிக்கொண்டான்.

“அம்மா, நிறுத்து,” என்றாள் சில்வண்டு திடீரென்று.

அம்மாவின் பேனா ‘நில்’ பலகையைத் தொட்டிருந்தது. வரைகிற வேகத்தில் அந்த எழுத்தையும் திருப்பி எழுதப் பார்த்தாள். நல்ல வேளை, ஒரு புள்ளியோடு போயிற்று. அந்தப் புள்ளியை அம்மா ஓர் ஈயாக்கிவிட்டு, எழுத்தைச் சரியாக எழுதினாள்.

பிறகு வண்ணம். ஒரு பக்கம் அம்மா தீட்ட, இன்னொரு பக்கம் சில்வண்டு ஹேர் டிரையரால் காய வைத்தாள். பத்து நாற்பதுக்கு அம்மா படத்தை நாற்காலியில் வைத்தாள். சில்வண்டு ஒன்று எண்ணுவதற்குள்ளேயே சிரித்துவிட்டாள். அம்மா அவளைக் கட்டிக்கொண்டாள்.

படம் கசங்காமல் இருக்கப் பழைய படத்தையே அதன் மேல் சுற்றி எடுத்துக்கொண்டு, மூவரும் பள்ளிக்கு ஓடினார்கள்.

மேடையில் தலைமையாசிரியை படத்தை விரித்துக் காட்டியதும் அரங்கமே அதிர்ந்தது. முன்வரிசைப் பிள்ளைகள் நாற்காலியை விட்டே சரிந்தார்கள். “விசில் மாமா, விசில் மாமா” என்று ஒரே கூச்சல்.

விசில் மாமா மட்டும் சிரிக்கவில்லை.

படத்தை நெருங்கிப் பார்த்தார். தள்ளி நின்று பார்த்தார். தன் கன்னத்தைத் தொட்டுப் பார்த்தார்.

“ரொம்ப நல்லாருக்கும்மா,” என்று அம்மாவிடம் தயங்கித் தயங்கிச் சொன்னார். “ஆனா மச்சம் மட்டும் பக்கம் மாறிப்போச்சோ? தினமும் ஷேவ் பண்றேன், எனக்குத் தெரியாதா?”

அம்மாவின் முகத்தில் ஈயாடவில்லை. படம் சரியாக இருக்கிறது என்று பிள்ளைகள் கத்தினார்கள். இல்லை என்று மாமா தலையாட்டினார்.

சில்வண்டுக்குப் பளீரென்று புரிந்தது. மாமா தன் முகத்தை எங்கே பார்த்திருப்பார்? கண்ணாடியில்தானே. அவள் மேடைக்கு ஓடினாள். சுருண்டு கிடந்த பழைய படத்தை எடுத்து, அவர் முன்னால் விரித்துப் பிடித்தாள்.

“மாமா, இது யாரு?”

விசில் மாமாவின் ஒற்றைப் புருவம் நெற்றிக்கு ஏறியது. கன்னம் இன்னும் உப்பியது. வாயில் விசில் இருப்பதையும் மறந்து அவர் சிரிக்க, அது பீப்பீப்பீ என்று நிற்காமல் அலறியது.

“நான்தான்,” என்றார் விசிலை எடுத்துவிட்டு. “அச்சு அசல் நான்தான்.”

“அது நாங்க பாக்குற நீங்க,” என்று சில்வண்டு புதுப் படத்தைக் காட்டினாள். “இது நீங்க பாக்குற நீங்க. அது இங்கயே இருக்கட்டும். இதை வீட்டுக்கு எடுத்துட்டுப் போங்க மாமா.”

அப்படியே முடிவானது. புதுப் படம் பள்ளி வாசலுக்குள், எல்லோர் கண்ணிலும் படுகிற சுவரில் மாட்டப்பட்டது. அம்மாவிடம் மூன்று ஆசிரியர்கள் தங்களையும் வரையச் சொல்லிக் கேட்டார்கள். “மூக்கை மட்டும் கொஞ்சம் சின்னதா போடுங்க,” என்று மூவருமே தனித்தனியாகக் காதில் சொன்னார்கள்.

விழா முடிந்தது. விசில் மாமா பழைய படத்தைச் சுருட்டி அக்குளில் இடுக்கிக்கொண்டார். கடைசி முறையாக வலது கையில் பலகையை உயர்த்தினார். வண்டிகள் நின்றன. சில்வண்டு ஓடிப்போய் அவருடைய இடது கையைப் பிடித்துக்கொண்டாள்.

பாதிச் சாலையில் ஒருமுறை நிமிர்ந்து பார்த்தாள். உப்பிய கன்னம் அவள் பக்கம்தான் இருந்தது.