ஆர்விலின் தாடி

எங்கள் ஊரில் ஜூலையிலும் கிறிஸ்துமஸ்தான். அலாஸ்காவில் சூரியன் மறையவே மாட்டேன் என்று அடம்பிடிக்கும் அந்த மாதத்தில், கொசு மொய்க்கும் தெருவெல்லாம் சிவப்பு வெள்ளைப் பட்டை அடித்த விளக்குக் கம்பங்கள். அதைப் பார்க்கச் சுற்றுலா பஸ்ஸில் வந்து இறங்கும் பிள்ளைகள் நேரே கிறிஸ்துமஸ் தாத்தாவின் மடியில் ஏறித் தாடியைப் பிடித்து இழுப்பார்கள். ஒட்டுத் தாடி என்று தெரிந்தால் ஊர் மானமே போய்விடும்.

வெகுகாலம் ஆர்வில்தான் அந்தத் தாத்தா. யார் இழுத்தாலும், "ஐயோ, விடு பாப்பா, நிஜம்தான்!" என்று கத்திச் சிரித்து, பிள்ளைகள் தாத்தாவுக்கென்று கொண்டுவரும் பாலையும் பிஸ்கட்டையும் வாங்கிச் சாப்பிடுவார். போன குளிர்காலத்தில் அவர் செத்தபோது, பரிசுக் கடை நடத்தும் டாட்டி, சவப்பெட்டியை மூடும் முன் அந்தத் தாடியைத் தோலோடு சீவி எடுத்துக்கொண்டாள். அவர் தாடையில் ஊதா நிறத்தில் ஒரு மரு இருந்ததை அன்றுதான் ஊரே பார்த்தது. ஊர் மானம்தான் பெரிதென்று அப்படியே பெட்டியை மூடினோம்.

அந்தத் தாடி என் கணவன் வெர்னுக்கு வந்தது. அவனுக்கு முகத்தில் முடி ஒழுங்காக முளைக்காது. ஆலையில் வேலை போன பிறகு கிடைத்தது இந்த வேலைதான். முதல் நாள் தாடியோடேயே வீட்டுக்கு வந்தான். திரிந்த பால், ஊறிய பிஸ்கட், கிழவனின் எச்சில். எல்லாம் சேர்ந்த வாடை.

"அந்த டாட்டி இதைத் துவைச்சாவது குடுத்தாளா?"

"துவைச்சா கொட்டிடுமாம். ஏன் லோர்னா, இனிமே மூக்கைப் புடிச்சிக்கிட்டுதான் என்னோட குடும்பம் நடத்துவியா?"

சிரித்தேன். ஆனால் இரவு அவன் அதைக் கழற்றவில்லை. பசை விடமாட்டேன் என்கிறதாம். மறுநாளும் அதே பதில். சாப்பிடும்போது மான்கறிக் குழம்பு வழிந்து முடியில் அப்பிக்கொள்ளும். விடிந்தால் தாடி துடைத்ததுபோல் சுத்தமாக இருக்கும். அவன் கழுவவே இல்லை.

ஞாயிறு மதியம் அவன் சோபாவில் தூங்கினான். ஜன்னல் வெயில் முகத்தில் விழுந்தது. வாய் மூடியிருந்தது.

தாடி மட்டும் மென்றுகொண்டிருந்தது.

கத்தரிக்கோலை எடுத்தேன். என் புருஷனை ஒரு செத்த கிழவனுக்குத் தாரை வார்க்க நான் தயாராக இல்லை. வெட்டிய இடத்தில் முடி ஈரமாக இருந்தது. எச்சில் கசிந்து என் விரலில் நூலாக நீண்டது. இன்னும் வெட்டினேன். கீழே தாடை தெரிந்தது.

ஊதா மரு.

"வெர்ன்," என்று கிசுகிசுத்தேன். "என்னைப் பாரு. நான் யாரு?"

கண் திறந்தது.

"பால் எங்க பாப்பா?"

இரண்டு கையாலும் தாடியைப் பற்றி இழுத்தேன். ஈரத் துணி கிழிவதுபோல் சத்தம். அவன் அலறினான். பிடுங்கிய கற்றையை அடுப்பில் போட்டேன். அது நெளிந்து எரிந்தது. அடுப்படி முழுக்கப் புகை. இருமி இருமி, பாதிப் புகையை நானே விழுங்கினேன்.

"லோர்னா..." என்று வெர்ன் தேம்பினான். அவனுடைய சொந்தக் குரல். புண்ணான அந்த முகத்தைக் கட்டிக்கொண்டு அழுதேன். சில நாளில் மரு காய்ந்து உதிர்ந்தது. என் புருஷன் எனக்குத் திரும்பக் கிடைத்துவிட்டான்.

இன்று காலை தொண்டையில் ஏதோ அரித்தது.

கண்ணாடி முன் நின்று இரண்டு விரலை உள்ளே விட்டேன். ஒரு வெள்ளை முடி அகப்பட்டது. இழுக்க இழுக்க வந்துகொண்டே இருந்தது, கொழகொழவென்று, திரிந்த பால் நாற்றத்தோடு. பிறகு எங்கோ அடிவயிற்றில் சிக்கி நின்றது.

வெர்ன் காபியோடு கதவருகே வந்தான். "என்ன பண்றே?"

ஓங்கி ஒரு இழு இழுத்தேன்.

என் வாய் தானாகத் திறந்தது.

"ஐயோ, விடு பாப்பா, நிஜம்தான்!"

வெர்ன் கையிலிருந்த கோப்பை விழுந்து உடைந்தது. என் வாய் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தது.