நாலாவது மூலை

வேலுமணிக்கு ஹூஸ்டனைத் தாண்டும்போதே வலது தோள் விண்விண்ணென்று தெறிக்க ஆரம்பித்துவிட்டது. ஃபிரிஸ்கோவிலிருந்து ஐந்து மணி நேரம் ஒரே ஆளாக ஓட்டியதால் வந்த வலி என்று காரில் இருந்தவர்களிடம் சொன்னான். அது பொய். அந்த வலிக்கு நாலு வயசு ஆகப்போகிறது. ஸ்கேன் எடுத்தாயிற்று, ஊசி போட்டாயிற்று, தெரபிக்காரி கொடுத்த ரப்பர் பட்டையை ஆறு மாதம் இழுத்தும் ஆயிற்று. எலும்பிலும் ஒன்றுமில்லை, சதையிலும் ஒன்றுமில்லை. கழுத்துக்கும் தோளுக்கும் நடுவில், மூட்டை உட்காருகிற இடத்தில், உள்ளங்கை அகலத்துக்கு மட்டும் வலித்தது. கையைத் தலைக்கு மேலே தூக்க முடியாது. காலையில் சட்டையை மனைவி யாமினிதான் மாட்டிவிடுவாள்.

"ஏனுங்க, எக்ஸிட் எடுத்து நிறுத்துங்க. வாஞ்சிண்ணன் ஓட்டட்டும்" என்றாள் யாமினி.

"நானா? போன மாசந்தான் எங்க வீட்டு கராஜ் கதவையே பேத்து எடுத்தேன் சிஸ்டர். உங்களுக்கு ஏன் இந்த ஆசை?" என்றான் பின் சீட்டிலிருந்த வாஞ்சிநாதன். வேலுமணியோடு ஒரே ஆபீசில் வேலை செய்கிறவன். குழந்தைக்குக் காய்ச்சல் என்று அவன் மனைவி கடைசி நேரத்தில் நின்றுவிட, இவன் மட்டும் ஒரு பை முறுக்கோடு வந்து ஏறியிருந்தான்.

வேலுமணியின் பிறந்தநாளுக்கு யாமினி செய்த ஏற்பாடு இது. கால்வெஸ்டன் பழைய துறைமுக ஊர். அங்கே தனியாக ஒரு கைடை வைத்துக்கொண்டு இரண்டு மணி நேரம் நடந்து சுற்றிப் பார்க்கலாம். நாலு வருஷமாக ஆபீஸ், வீடு, தெரபி என்று கிடக்கிற மனுஷன் கொஞ்சம் கடல் காற்று வாங்கட்டும் என்று நினைத்தாள்.

கடல் காற்று இல்லை. பனிமூட்டம்தான் இருந்தது. ஜனவரி மாதம், பகல் பதினொரு மணி. வளைகுடாவிலிருந்து ஏறி வந்த வெள்ளைப் புகை தெருவை இரண்டாவது மாடிவரை மூடியிருந்தது. எங்கேயோ ஒரு கப்பல் அடித்தொண்டையில் ஊளையிட்டது. இரும்புத் தூண் வைத்த பழைய கட்டடங்கள் வரிசையாக வந்தன, பாதிக்கு மேல் காணாமல் போயின.

கைடு பெயர் டெபோரா. அறுபதைத் தாண்டிய வெள்ளைக்காரம்மாள். மஞ்சள் மழைக்கோட்டும் கையில் ஒரு டார்ச்சும். தன் தகப்பன் இதே துறைமுகத்தில் பஞ்சுப் பொதி ஏற்றியவர் என்றாள்.

"இவன் அப்பாவும் லோடுமேன்தான். ஈரோட்டில், மஞ்சள் மண்டியில்" என்று வாஞ்சிநாதன் ஆங்கிலத்தில் எடுத்துக்கொடுத்தான்.

டெபோரா வேலுமணியின் தோளைப் பார்த்தாள். முகத்தை அல்ல. "அப்படியானால் உங்களுக்குத் தெரியும்" என்று மட்டும் சொன்னாள்.

வேலுமணிக்குத் தெரியும். காலேஜ் லீவில் அவனே எழுபது கிலோ மூட்டை சுமந்திருக்கிறான். அப்பா ராமசாமி முப்பத்தெட்டு வருஷம் சுமந்தார். கைவண்டிச் சக்கரம் ஏறி இடது கால் சுண்டுவிரல் போனபோதும், பழைய துணியைச் சுற்றிக்கொண்டு மறுநாளே மண்டிக்குப் போனார். அவர் சொல்லிக்கொடுத்தது ஒன்றே ஒன்றுதான். "தோளு குடுத்தவன் நடுவழில உருவக் கூடாது. நீ உருவுனீன்னா சொமை மத்த மூணு பேர்த்து மேல எறங்கும்."

இரண்டாவது அலையில் ஊரே கதவைச் சாத்திக்கொண்டு கிடந்த மே மாதத்தில் அவர் செத்தார். கொரோனா இல்லை, நெஞ்சுவலி. ஆனாலும் யாரும் கிட்டே வரவில்லை. வேலுமணி ஒரே மகன். இந்தியாவுக்குப் போனால் திரும்ப உள்ளே விடமாட்டார்கள் என்றார் வக்கீல். வேலை, விசா, வீட்டுக் கடன் எல்லாவற்றையும் மனதுக்குள் கூட்டிக் கழித்துவிட்டு அவன் ஃபிரிஸ்கோ வீட்டுச் சமையலறையில் நின்றபடி போனில் பார்த்தான். சித்தப்பா மகன் எடுத்து அனுப்பிய வீடியோ. நாற்பத்தேழு வினாடி. பாடையைத் தூக்க மூன்று பேர்தான் தேறினார்கள். முன் பக்கம் இடது மூலைக்கு ஆளில்லாமல் திணறும்போது அதுவரை அங்கே இல்லாத ஒருத்தன் வந்து தோள் கொடுத்தான். மூக்குக்கு மேல் துணி கட்டியிருந்தான். முழங்காலுக்குக் கீழே நனைந்திருந்தது. அன்றைக்கு எல்லோரும்தான் முகத்தை மூடியிருந்தார்கள். மண்டி ஆள் என்று சொந்தக்காரர்கள் நினைத்தார்கள், வீட்டு ஆள் என்று மண்டிக்காரர்கள் நினைத்தார்கள். பிறகு அவனை யாரும் பார்க்கவில்லை.

அந்த வாரம் பிடித்த தோள்வலி.

டெபோரா ஒரு சுவரின் முன்னால் நின்று டார்ச்சடித்தாள். தலைக்கு மேலே இரண்டு முழ உயரத்தில் ஒரு பித்தளைப் பட்டை. 1900 புயலில் தண்ணீர் நின்ற மட்டம் என்றாள். ஒரே ராத்திரியில் ஆயிரக்கணக்கான பேர் போய்விட்டார்கள். புதைக்க இடமில்லை, வெயிலில் பிணங்கள் ஊத ஆரம்பித்தன. துப்பாக்கியைக் காட்டிக் கூலிக்காரர்களைப் பிடித்து வந்தார்கள், பெரும்பாலும் கறுப்பு ஆட்கள். குடலைப் புரட்டாமல் இருக்க விஸ்கி கொடுத்தார்கள். நாற்றத்துக்குக் கற்பூரத்தில் நனைத்த துணியை மூக்கில் கட்டிவிட்டார்கள். கதவு, பலகை, கையில் கிடைத்ததில் எல்லாம் பிணத்தை வைத்து நாலு நாலு பேராகச் சுமந்து படகில் ஏற்றினார்கள். எழுநூறு பிணம். கல்லைக் கட்டி நடுக்கடலில் போட்டார்கள்.

"அப்புறம்?" என்றாள் யாமினி.

"திரும்பி வந்துவிட்டன" என்றாள் டெபோரா. "அலை எல்லாவற்றையும் கரைக்கே கொண்டுவந்து போட்டது. மறுபடியும் தூக்கச் சொன்னார்கள்."

வாஞ்சிநாதன் முறுக்கு மெல்வதை நிறுத்தினான்.

அடுத்தது பழைய பஞ்சுக் கிடங்குக்குப் பின்னால் போகிற செங்கல் சந்து. அதன் கடைசியில் துறைமுகம். சந்துக்குள் நுழையும் முன் டெபோரா திரும்பினாள். கதை சொல்லும் குரல் அவளிடம் இப்போது இல்லை. வேலைக்கு வந்த புது ஆளுக்கு மேஸ்திரி சொல்வது மாதிரி சொன்னாள். "இதற்குள் எங்கேயும் நிற்காதீர்கள். பக்கத்தில் யாராவது சுமை கொண்டுபோனால் நடந்துகொண்டே இருங்கள். நின்றால், மாற்று ஆள் வந்துவிட்டான் என்று எடுத்துக்கொள்வார்கள்."

"நாங்க யூனியன்ல மெம்பர் இல்லைன்னு சொல்லிருவோம்" என்றான் வாஞ்சிநாதன் தமிழில். யாமினி சிரித்தாள். சந்து அந்தச் சிரிப்பைத் திருப்பித் தரவில்லை.

டெபோரா முன்னால், யாமினி, வாஞ்சிநாதன், கடைசியில் வேலுமணி. பத்து அடி போனதும் பகல் வெளிச்சம் செத்துப்போனது. இரண்டு பக்கமும் ஈரச் சுவர். துருப்பிடித்த இரும்புக் கதவுகள். சுண்ணாம்பு நாற்றம், உப்பு நாற்றம். தோள்வலி திடீரென்று கத்தியாய் இறங்கியது. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. சுவரில் கையூன்றி ஒரு நிமிஷம் தோளைப் பிடித்துக்கொண்டான்.

நின்றுவிட்டான்.

முன்னால் மூன்று பேரின் காலடிச் சத்தம் தேய்ந்து மறைந்தது.

பின்னால் வேறு காலடிச் சத்தம் கேட்டது.

கீழே செங்கல் தரைதான். ஆனால் வந்த சத்தம் சேற்றில் கால் புதைந்து பிடுங்குகிற சத்தம். கூடவே மூச்சு. பாரத்தோடு நடக்கிறவன் பல்லைக் கடித்துக்கொண்டு விடுகிற மூச்சு. அந்த மூச்சை வேலுமணிக்கு எந்த ஊரிலும் தெரியும். அப்பாவிடம் கேட்டு வளர்ந்த மூச்சு.

பிறகு கற்பூர வாசனை.

நாலு பேர் வந்தார்கள். தோளில் ஒரு கதவு, கைப்பிடிகூடக் கழற்றாத வீட்டுக் கதவு. அதன் மேல் துணி மூடிய உடம்பு. நாலு பேருக்கும் முகத்தில் துணி. முன் இடது மூலையில் வந்தவனுக்கு முழங்கால் மடங்கிக்கொண்டிருந்தது. இன்னும் நாலு எட்டு வைத்தால் விழுந்துவிடுவான். அவன் வேலுமணியைப் பார்த்தான்.

கோபமில்லாத பார்வை. மண்டியில் சாப்பாட்டு நேரம் தாண்டியும் மாற்று ஆள் வராதவனின் பார்வை.

முழங்காலுக்குக் கீழே நனைந்திருந்தது.

வேலுமணி யோசிக்கவில்லை. யோசிக்கிறவன் சுமைக்குக் கீழே போகமாட்டான். அவன் ஒதுங்க, இவன் குனிந்து நுழைய, ஒரு எட்டுகூடத் தவறவில்லை. கதவு வலது தோளில் உட்கார்ந்தது. மிகச் சரியாக அந்த உள்ளங்கை அகல இடத்தில்.

வலி போய்விட்டது.

நாலு வருஷத்தில் முதல் தடவையாக, சுத்தமாக. பாரம் மட்டும் இருந்தது. பாரம் அவனுக்குப் பழகிய பாரம். ஒரு தடவை நெஞ்சுவலி வந்தபோது இந்த உடம்பை ஆஸ்பத்திரி மாடிப்படியில் தூக்கிக்கொண்டு ஏறியிருக்கிறான்.

துணி விலகி, குளிர்ந்துபோன பாதம் ஒன்று காதை உரசியது. திரும்பிப் பார்த்தான். பெருவிரல்கள் இரண்டையும் சேர்த்து வெள்ளைத் துணியால் கட்டியிருந்தது, நம் ஊரில் கட்டுகிற மாதிரி. இடது காலில் சுண்டுவிரல் இல்லை.

"அப்பா" என்றான்.

இத்தனை நாள் இறக்கவே இல்லையா? எரித்துவிட்டார்கள் என்றுதானே சொன்னார்கள்? யாரோ ஒருத்தன் வேலுமணிக்குப் பதிலாகத் தோள் கொடுத்தான், கொடுத்தவன் இறக்க முடியாமல் நாலு வருஷமாக நடந்துகொண்டிருக்கிறான். இறக்கி வைக்கவேண்டிய கை மகன் கை.

சரி, கொண்டுபோய் இறக்கிவிடலாம். இவ்வளவுதானே.

நடந்தான். பின்னால் இருவரும் பக்கத்தில் ஒருவனும் அவன் காலோடு கால் வைத்தார்கள். சந்து முடிந்தது. பனி இன்னும் கெட்டியானது. காலடியில் செங்கல் போய் மரப்பலகை வந்தது. பலகை இடுக்கில் தண்ணீர் மொத்திக்கொண்டிருந்தது. அப்போதுதான் எங்கே போகிறோம் என்று அவனுக்கு உறைத்தது.

படகுக்கு.

சுடுகாட்டுக்கு இல்லை. கல்லைக் கட்டிப் போடப்போகிறார்கள். அலை திரும்பக் கொண்டுவரும். மறுபடியும் தூக்கச் சொல்வார்கள்.

காலை நிறுத்தப் பார்த்தான். கால் கேட்கவில்லை.

"ஏனுங்க!"

யாமினியின் குரல். இடப்பக்கத்தில் எங்கேயோ.

"என்னங்க பண்றீங்க! நில்லுங்க! தண்ணீங்க!"

இன்னும் மூன்று எட்டு. இரண்டு. பனிக்குள்ளிருந்து பாய்ந்து வந்த யாமினி அவன் வலது கையைப் பிடித்து முழுப் பலத்தோடு இழுத்தாள். தோள் உருவிக்கொண்டது.

பாரம் ஒரு கணம் காற்றில் சாய்ந்தது. மற்ற மூன்று பேரின் முழங்கால் முறிகிற சத்தம் அவனுக்குக் கேட்டது.

பிறகு கனமான ஏதோ ஒன்று தண்ணீரில் விழுந்தது.

அந்தச் சத்தம் எல்லோருக்கும் கேட்டது. வாஞ்சிநாதன் பலகையில் முட்டி போட்டு எட்டிப் பார்த்தான். பழுப்புத் தண்ணீரில் வட்டம் வட்டமாக அலை விரிந்துகொண்டிருந்தது. மேலே ஒன்றும் வரவில்லை.

"டேய் மச்சி, என்னத்தடா போட்ட?" என்றான். "கையத் தூக்கித் தோள்ல வெச்சுக்கிட்டு நேரா நடந்து வர்ற. நாலு தடவ கூப்பிட்டேன்டா."

டெபோரா தண்ணீரைப் பார்க்கவில்லை. வேலுமணியையே பார்த்தாள். "முழுக்கக் கொண்டுபோனீர்களா?" என்று மெல்லக் கேட்டாள்.

இல்லை என்று அவன் தலையசைத்தான்.

அவள் டார்ச்சை அணைத்துவிட்டு, மீதி டூரைக் கைவிட்டு, அவர்களைக் கார் வரைக்கும் கொண்டுவந்து விட்டாள். கை கொடுக்கவில்லை.

திரும்பும்போது வாஞ்சிநாதன்தான் ஓட்டினான். ஹூஸ்டனில் பெட்ரோல் போட நிறுத்தியபோது வேலுமணி மேலே இருந்த கைப்பிடியைப் பிடித்து இறங்க வலது கையை நீட்டினான். கை தலைக்கு மேலே, காரின் கூரை வரை, சுலபமாகப் போனது.

"பாருங்க!" யாமினிக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தது. "நான் இழுத்த இழுப்புல செரியாயிடுச்சாட்ட இருக்குது. எத்தன டாக்டருங்க, எத்தன ஊசி!"

அவள் கடைக்குள் போனதும் அவன் போனை எடுத்து அந்த வீடியோவைத் திறந்தான். நாற்பத்தேழு வினாடி. வாசல், பந்தல் இல்லாத வெயில், சித்தப்பா மகனின் இருமல். பாடை எழும்பியது. பின்னால் இரண்டு பேர். முன்னால் வலப்பக்கம் ஒருத்தன்.

முன் இடது மூலையில் யாரும் இல்லை.

பாடை அந்தப் பக்கம் சரிந்தது. மூன்று பேரும் தள்ளாடினார்கள். கடைசி வினாடியில் மூன்று பேரும் திரும்பிக் கேமராவைப் பார்த்தார்கள். மாற்று ஆளைத் தேடுகிற பார்வை.

கால் சில்லென்றிருந்தது. குனிந்து பார்த்தான். அவன் தண்ணீரில் இறங்கவே இல்லை. ஆனால் ஜீன்ஸ் முழங்காலுக்குக் கீழே நனைந்திருந்தது.

வீட்டுக்கு வந்து துவைத்துக் காயவைத்தாள் யாமினி. காலையில் அதே இடம் வரை ஈரம். வேறு பேண்ட் போட்டுக்கொண்டு ஆபீசுக்குப் போனான், மதியத்துக்குள் அதுவும் நனைந்தது. கடலிலிருந்து முந்நூறு மைல் தள்ளி இருக்கிற வீட்டில், காலைத் துடைக்கிற துண்டில் மணல் ஒட்டுகிறது. தோளில் வலி இல்லை. எந்த வலியும் இல்லை. அந்த இடம் காலியாக, தயாராக இருக்கிறது.

ராமசாமிக்கு அவர் மகன் கொடுக்கவேண்டிய தோள் ஒன்று. அது இன்னும் பாக்கி.