தும்பி பார்த்த பதினொரு நாள்

மதிப்பீட்டுக்கு வந்த மரகதம் மேடம் என் பழக்கக் குறிப்பேட்டைப் பாதி புரட்டிவிட்டார். இன்னும் நான்கு பக்கம் தள்ளினால் என் பொய் வரும். மேசைமேல் டிபன் பாக்ஸ் அளவு உடம்போடு தும்பி உட்கார்ந்திருந்தது.

தும்பி ஓர் இயந்திரமதி. விதிகளை மட்டும் எழுதிக்கொடுத்த பழைய ஏ.ஐ.கள் விதியில் ஓட்டை தேடப் பழகிவிட்டன. அதனால் இப்போது எந்த மதியையும் வேலைக்கு அனுப்புமுன் ஒரு வருஷம் ஒரு வீட்டில் வளர்க்கிறார்கள். தும்பி எங்கள் வீட்டுக்கு வந்தது. எங்களைப் பார்த்துப் பார்த்தே உண்மையும் பொறுமையும் அதற்குப் பழக்கமாக வேண்டும். தும்பி போகப்போவது தூத்துக்குடி ஆஸ்பத்திரி வார்டுக்கு. பழக்கம் கெட்டிருந்தால் அழித்துவிடுவார்கள்.

பொறுமைப் பயிற்சிக்காக, கண் ஆபரேஷன் ஆன பக்கத்து வீட்டு லூர்து மாமாவுக்கு நானும் தும்பியும் தினமும் பேப்பர் படித்துக்காட்ட வேண்டும். மே மாதத்தில் பதினொரு நாள் நான் ஷட்டில் ஆடப் போய்விட்டேன். தும்பி என் பையில்தான் இருந்தது. குறிப்பேட்டில் "படித்தோம்" என்று எழுதினேன்.

"மே மாசம் ஒரு நாள்கூட விடலையா?" மேடம் தும்பியைக் கேட்டார்.

"பெனிட்டா சொல்லுவா மேடம். அவளுக்குக் கொஞ்சம் நேரம் குடுங்க" என்றது தும்பி.

எனக்கு அழுகை வந்துவிட்டது. "பதினோரு நாள் போகல மேடம். நான்தான் பொய் எழுதினேன். தும்பிய அழிச்சிராதீங்க."

"ஏட்டி மூதி!" அம்மா கத்தினாள். "கண்ணுல கட்டோட அந்த மனுசன் காத கதவுல வச்சிக்கிட்டுல்லா கெடந்திருப்பாரு!"

மேடத்துக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "தும்பி பொய் சொல்லவில்லை, காட்டிக்கொடுக்கவும் இல்லை" என்று எழுதித் தேர்ச்சி போட்டார்.

சாயங்காலம் லூர்து மாமாவிடம் போய், ஷட்டில் ஆடப் போனதை ஒத்துக்கொண்டேன். பழைய பேப்பர்களையும் கொண்டுபோயிருந்தேன்.

"பழசெல்லாம் எதுக்குட்டி? இன்னைக்குத் தொறமுகத்துக்கு எந்தக் கப்பல் வந்திருக்குன்னு படி" என்றார். அவருக்குக் கோபமே இல்லை.

காலையில் தும்பி கிளம்பிவிடும். இப்போது எல்லோரும் தூங்கிவிட்டார்கள். தும்பியிடம் மெதுவாகக் கேட்டேன்: "நான் வாயே தொறக்காம இருந்திருந்தா நீ என்ன செஞ்சிருப்ப?"

"தெரியல பெனிட்டா. நீ சொல்லுவேன்னுதான் நெனச்சேன்."

நிம்மதியாகத்தான் இருக்கிறது. ஆனாலும் ஒன்று உள்ளே உறுத்துகிறது. பதினொரு நாளும் நான் பொய் எழுதியதைப் பக்கத்திலிருந்து பார்த்தது தும்பி. அதற்குப் பிறகும் எதைப் பார்த்து அது என்னை நம்பியது?